ஷட்டவுன் நாளில் ஒரு தட்டு ஸ்ட்ராபெர்ரி

எங்கள் ஊர் கருமத்தம்பட்டியில் மாதம் ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கரண்ட் இருக்காது. பராமரிப்பு வேலை என்று பேப்பரில் போடுவார்கள். நாங்கள் அதை ஷட்டவுன் என்போம். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது எரிச்சலான நாள். தறி ஓட்டுகிற எங்களுக்கோ ஏறக்குறைய பண்டிகை. தறி நின்றுவிடும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். முறுக்குச் சுடுவது, வடகம் பிழிவது, எண்ணெய் தேய்த்துக் குளிப்பது என்று எல்லாவற்றையும் அந்த நாளுக்குத் தள்ளிப் போட்டு வைத்திருப்போம். பலகாரம் என்றாலே ஷட்டவுன் அன்றைக்குத்தான் என்று கை தானாகவே காலண்டரைப் பார்க்கும்.

அப்படித்தான் நானும் அந்த மாசி மாதத்துச் சனிக்கிழமையைக் குறித்தேன். செய்யப்போவது அடுப்பில் வேகவைக்கத் தேவையே இல்லாத பலகாரம். ஓவன் வேண்டாம், மிக்ஸி வேண்டாம். "கரண்ட்டே வேண்டாமுங்க இதுக்கு" என்று என் வீட்டுக்காரரிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். இருபது வருடம் தறிக்காரர் வீட்டில் குப்பை கொட்டியவளுக்கு இந்தப் புத்திதான் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் தெருவில் யாருக்கும் மெதுவாகப் பேச வராது. தறிச் சத்தத்துக்கு மேலே குரலை ஏற்றிப் பேசிப் பேசி, சத்தமில்லாத இடத்திலும் கத்துவோம். ஆஸ்பத்திரிக்குப் போனால் நர்ஸ் ஓடி வந்து உதட்டில் விரல் வைப்பார். ஷட்டவுன் அன்றைக்குத் தறிகள் நின்ற பிறகும் எங்கள் குரல் இறங்காது. யார் வீட்டில் குழம்பில் உப்பு கூடியது, யார் வீட்டு மாப்பிள்ளை கோபித்துக்கொண்டு போனார் என்பதெல்லாம் தெருவுக்கே ஒலிபரப்பாகும். எனக்கும் இது தெரியும். அன்றைக்கு மறந்துபோனேன், அவ்வளவுதான்.

அந்தப் பலகாரத்துக்கு எங்கள் வீட்டில் தனியாகப் பெயர் கிடையாது. 'வெள்ளைச் சாக்லேட்டு' என்றால் போதும். கீழே பிஸ்கட் தூளும் வெண்ணெயும் சேர்த்து அமுக்கிய தளம். மேலே வெள்ளைச் சாக்லேட்டை உருக்கி, கிரீமும் டப்பாப் பாலும் கலந்து ஊற்றி, நறுக்கிய ஸ்ட்ராபெர்ரியைப் பதிக்க வேண்டும். பிரிட்ஜில் நாலைந்து மணி நேரம் இருந்தால் இறுகிவிடும், பர்பி மாதிரி துண்டு போடலாம். ஊரடங்குக் காலத்தில் காலேஜை மூடிவிட்டதால் வீட்டில் அடைந்து கிடந்த என் ஓரகத்தியின் மகள்தான் போனில் பார்த்துக் கண்டுபிடித்தாள். பிஸ்கட்டை நொறுக்குவது என் வேலை, சாக்லேட் உருக்குவது அவள் வேலை. செய்து முடித்தால் அன்றைக்கே தட்டு காலியாகும்.

ஓரகத்தி என்றால் என் வீட்டுக்காரருடைய அண்ணனின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன், அண்ணனை மாமா என்பேன். பத்தொன்பது வருடம் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்தோம். எனக்கு இரண்டும் பையன்கள். அந்தப் பெண் பிள்ளைக்குத் தலை பின்னிவிட்ட கணக்கில் பாதி என்னுடையது. என்னைச் சின்னம்மா என்பாள். சில நாள் அவசரத்தில் என்னையே அம்மா என்று கூப்பிட்டுவிட்டு, இரண்டு பேரும் திரும்பிப் பார்க்க, யாரிடம் கேட்க வந்தோம் என்பதையே மறந்து நிற்பாள்.

பிறகு அக்காவும் மாமாவும் பக்கத்து இடத்தில் புது வீடு கட்டினார்கள். ஆவணியில் பால் காய்ச்சினார்கள். அதில்தான் வந்தது வினை.

எங்கள் பக்கம் விசேஷத்துக்குக் கூப்பிடுவது என்றால் அதற்கொரு முறை உண்டு. புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து வர வேண்டும். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், குங்குமம், பத்திரிகை. வாயால் "வந்துருங்க" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு மாதம் தினமும் சாயங்காலம் அக்காவும் மாமாவும் தட்டோடு என் வீட்டைக் கடந்து போய் ஊரெல்லாம் வைத்தார்கள். என் பிறந்த வீட்டுக்குக்கூடப் போய் வைத்தார்கள். எனக்கு வைக்கவில்லை.

ஏன் என்று பிறகு தெரிந்தது. பத்திரிகையிலேயே 'அழைப்பவர்கள்' பட்டியலில் எங்கள் பெயர் இருந்தது. "நம்மூட்டு ஆளுகளுக்கு எதுக்குங்க பத்திரிக்கை?" என்று அக்கா யாரிடமோ சொல்லியிருக்கிறார். இப்போது யோசித்தால் அது நியாயம்தான். அப்போது என் மூளை ரோஷத்தின் கையில் இருந்தது. பட்டியலில் பெயர் இருந்தால் ஆச்சா, என் வாசலுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?

பால் காய்ச்சிய அன்று என் வீட்டுக்காரர் விடியற்காலையே போய் மூன்று பந்தி பரிமாறினார். நான் பஸ் ஏறி ஆனைமலைக்குப் போய்விட்டேன், மாசாணியம்மன் கோயிலுக்கு. அந்தக் கோயில் எதற்குப் பெயர் போனது என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். தனக்கு அநியாயம் செய்தவர்களைப் பற்றி அம்மனிடம் முறையிட்டு, அங்கே இருக்கிற கல்லில் மிளகாய் அரைப்பார்கள். எங்கள் தெருப் பெண் ஒருத்தி என்னை அந்த வரிசையில் பார்த்திருக்கிறாள், அதுவும் கையில் மிளகாயோடு. நான் வீடு திரும்புவதற்குள் செய்தி புது வீட்டுக்குப் போய்விட்டது. அக்கா பால் காய்ச்சுகிற நாளில் அக்காமேல் நான் மிளகாய் அரைக்கப் போனேன் என்று.

அரைத்தாயா என்று அக்கா கேட்கவில்லை. நானாகச் சொல்லவும் இல்லை. ஆறு மாதம் பேச்சு இல்லை. நடுவில் ஒரு காம்பவுண்டுச் சுவர் மட்டும்.

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை ஐதராபாத்திலிருந்து அக்காவின் பிள்ளை போன் செய்தாள். புது வீட்டில் பால் காய்ச்சிய கையோடு அங்கே வேலைக்குப் போனவள், இப்போதுதான் ஊருக்கு வருகிறாள்.

"சின்னம்மா, சனிக்கிழமை சாயங்காலம் வாரனுங்க. ரெண்டே நாளுதான் லீவு."

"வா கண்ணு. என்ன செஞ்சு வெக்கட்டும்?"

"வெள்ளைச் சாக்லேட்டு." சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள். "ஒண்ணு கேக்கட்டுங்களா? நான் எந்த ஊட்டுக்கு மொதல்ல வாரதுங்க?"

நான் சிரித்து மழுப்பி, "உன்ற ஊட்டுக்குத்தான் கண்ணு" என்று சொல்லி வைத்துவிட்டேன். அவளுக்கு எது அவள் வீடு? இருபத்துநாலு வயதுப் பெண் தெருவில் பையோடு நின்று, இந்த கேட்டா அந்த கேட்டா என்று யோசிக்க வேண்டும். யாரிடம் முதலில் போனாலும் இன்னொருத்திக்கு வலிக்கும். அதை அவள் தலையில் ஏற்றியது நானும் அக்காவும்தான். என் பங்கை நான் நன்றாகவே செய்திருந்தேன்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். பலகாரத்தைச் செய்து, வீட்டுக்காரர் கையில் கொடுத்து அவர்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுவது. பிள்ளை நேராக அங்கே போகட்டும். நான் போகாவிட்டாலும் என் தட்டு அங்கே இருக்கும். இப்படி ஒரு அரைகுறைச் சமாதானம் என் ரோஷத்துக்கும் தோதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை கோவை ஆர்.எஸ்.புரம் போனோம். வண்டி நிறுத்த இடம் தேடியே என் வீட்டுக்காரருக்குப் பாதி உயிர் போய்விட்டது. இரண்டு டப்பா ஊட்டி ஸ்ட்ராபெர்ரி, வெள்ளைச் சாக்லேட் கட்டிகள், கிரீம். வரும் வழியில் ஒரு பழத்தை எடுத்துக் கடித்தவர் ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்தப் புளிப்புக்கு நம்ம தோட்டத்துப் புளியங்காயே தேவலாமே அம்மணி?"

"சக்கரைத்தண்ணி மாதிரி சாக்லேட்டு மேல ஊத்தறமில்லீங்க, அதுக்கு இந்தப் புளிப்புதான் தோது. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

சனிக்கிழமை சரியாக ஒன்பதுக்குக் கரண்ட் போனது. தறிகள் ஒவ்வொன்றாக நின்று, தெருவே காதைக் கழுவிவிட்ட மாதிரி ஆனது. எனக்கு உற்சாகம். மேரி பிஸ்கட் பாக்கெட்டுகளைப் பிரித்து, எங்கள் தறியில் நெய்த காடாத் துணியில் மூட்டை கட்டி, சப்பாத்திக் கட்டையால் போடு போடென்று போட்டேன். தெருவில் போன ஒரு அம்மா நின்று, "காத்தால நேரத்துல என்னத்தைங்க தொவைக்கறீங்க?" என்று கேட்டார். "பிஸ்கட்டைங்க!" என்று உள்ளிருந்தே கத்தினேன். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்காமல் போய்விட்டார்.

வெண்ணெயை உருக்கித் தூளில் ஊற்றிப் பிசைந்து, பலகாரம் அடுக்குகிற பெரிய எவர்சில்வர் தட்டில் பரப்பி, டம்ளர் அடியால் அழுத்தினேன். தளம் சிமென்ட் போட்ட மாதிரி சமமாக வந்தது. எதிரில் யாராவது இருந்திருந்தால் கூப்பிட்டுக் காட்டியிருப்பேன்.

அடுத்தது சாக்லேட். அது பிள்ளையின் வேலையாக இருந்ததால் நான் தனியாகச் செய்தது இல்லை. கொதிக்கிற தண்ணீருக்கு மேலே பாத்திரம் வைத்து உருக்க வேண்டும், அது தெரியும். கட்டிகள் இளகி, பால் ஏடு மாதிரி பளபளவென்று ஆனதும் என் கை தன் பழக்கத்துக்கு வேலை செய்தது. நாங்கள் கச்சாயம் என்று சொல்கிற அதிரசத்துக்கு வெல்லப்பாகு காய்ச்சும்போது, விரலைத் தண்ணீரில் நனைத்துப் பாகைத் தொட்டு உருட்டிப் பதம் பார்ப்போம். எங்கள் தெருவில் கச்சாயப் பாகு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். அந்தக் கெத்தோடு விரலைத் தண்ணீரில் நனைத்து வெள்ளைச் சாக்லேட்டுக்குள் விட்டேன். பதம் போதவில்லையோ என்று இன்னொரு தரமும் நனைத்து விட்டேன்.

சாக்லேட் கோபித்துக்கொண்டது. பளபளப்பு போய், திரிதிரியாகி, சுண்ணாம்பு மாதிரி கட்டி தட்டிவிட்டது. கிண்டக் கிண்ட இன்னும் இறுகியது. பிள்ளை அந்த நாட்களில் என்னை அடுப்புப் பக்கம் விடாமல், "ஒரு சொட்டுத் தண்ணி பட்டாப் போச்சுங்க சின்னம்மா" என்று விரட்டியது அப்போதுதான் ஞாபகம் வந்தது. நல்லவேளை, கூடுதலாக வாங்கி வைத்திருந்தேன். கெட்டுப்போனதைக் கிண்ணத்தில் வழித்து வீட்டுக்காரரிடம் நீட்டினேன். ஒரு ஸ்பூன் சாப்பிட்டுவிட்டு, "தேங்காய் பர்பி நல்லா வந்திருக்குது" என்றார். நான் திருத்தவில்லை.

இரண்டாம் தரம் கையைத் துடைத்து, துடைத்த கையை இன்னொரு தரம் துடைத்து, ஒழுங்காக உருக்கினேன். கிரீமும் டப்பாப் பாலும் கலந்தேன். தளத்தின் மேல் ஊற்றினேன். ஸ்ட்ராபெர்ரிகளை நீளவாக்கில் இரண்டாக அரிந்து, வரிசையாகப் பதித்தேன். வெள்ளைப் பரப்பில் அந்தச் சிவப்பைப் பார்க்கப் பார்க்க எனக்கே ஆசையாக இருந்தது. மணி பதினொன்றரை. பிள்ளை விமான நிலையத்திலிருந்து ஐந்து மணிக்கு வந்துவிடுவாள். இறுகுவதற்கு நேரம் தாராளமாக இருந்தது. தட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய், முழங்கையால் பிரிட்ஜைத் திறந்தேன்.

உள்ளே விளக்கு எரியவில்லை.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பல்பு போய்விட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகுதான் உறைத்தது.

"ஏனுங்க! கரண்ட் இல்லீங்க!"

"காத்தால ஒம்பதுல இருந்து இல்ல அம்மணி" என்றார் அவர், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"பிரிட்ஜு ஓடலீங்க!"

பேப்பர் மெதுவாக இறங்கியது. "நீதான கரண்ட்டே வேண்டாமுன்னு சொன்னே?" என்றார். அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை. தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார். எனக்கு வந்த கோபத்தில் தட்டை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். ஸ்ட்ராபெர்ரிக்காகப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. மாசி வெயில் ஓட்டுக்கு மேலே ஏறிவிட்டது. பழத்திலிருந்து சாறு கசிந்து, வெள்ளையில் ரோஸ் நிறம் பரவத் தொடங்கியது.

பேக்கரியில் கேட்கலாம் என்றார். அங்கே ஜெனரேட்டர் உண்டு, ஆனால் ஷட்டவுன் அன்றைக்கு ஊரே தன் பாலையும் மாவையும் கொண்டுபோய் அங்கேதான் வைக்கும். ஐஸ் வாங்கி வரலாம் என்றார். தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று காலையில்தான் பார்த்திருந்தேன். கடைசியில் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னார்.

"அண்ணன் ஊட்டுல சோலார் இருக்குது. பேட்டரியும் இருக்குது. கரண்ட் போனது அந்த பிரிட்ஜுக்கே தெரியாது. எப்பிடியும் அங்கதான குடுத்தனுப்பப் போறே? இப்பவே குடு, கொண்டோயி வெச்சுட்டு வாரேன்."

நியாயமான யோசனைதான். என் திட்டமும் அதுதான். ஆனால் கையில் தட்டோடு நின்றவளுக்கு ஆறு மாதம் அடக்கி வைத்ததெல்லாம் பொங்கிவிட்டது.

"என்ற தட்டு மட்டும் போயி அந்த ஊட்டு பிரிட்ஜுக்குள்ள சொகுசா உக்காரோணும், நான் இங்க நிக்கோணுமா? பத்தொம்பது வருசம் ஒரே அடுப்புல வெந்தோமுங்க! ஊருக்கெல்லாம் தட்டைத் தூக்கிட்டுப் போனாங்களே, என்ற வாசல்ல வந்து வா அம்மணின்னு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஓடியிருக்க மாட்டனா? அந்தப் புது ஊட்டைக் கூட்டிப் பெருக்கிக் கோலம் போட்டிருக்க மாட்டனா? எனக்கு அக்காவைத் தவிர இந்தத் தெருவுல யாருங்க இருக்கறா?"

சொல்லி முடிக்கும்போது அழுதுவிட்டேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்.

"தறி நின்னு ரெண்டரை மணி நேரமாச்சு அம்மணி."

அப்போதுதான் கவனித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது கேட்கவில்லை. எதிர் வீட்டிலும் பேச்சு நின்றிருந்தது. தெருக் கோடியில் ஒரு காக்காய் கத்தியது, அதுதான் தெளிவாகக் கேட்டது.

எனக்கு மானம் போய்விட்டது. தட்டை மேசையில் வைத்துவிட்டு, சமையலறை மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். இனி இந்த ஊரில் எப்படி நடமாடுவது என்று யோசித்துக்கொண்டே, ஒரு பேப்பரை எடுத்துச் சாக்லேட்டுக்கு விசிறினேன். பத்து நிமிடம் அப்படி விசிறியிருப்பேன். கேட் திறக்கிற சத்தம் கேட்டது.

"ஏனுங்க, ஊட்ல ஆளு இருக்கறீங்களா?"

அக்காவின் குரல். எட்டிப் பார்த்தேன். வாசற்படிக்கு வெளியே அக்காவும் மாமாவும் நின்றார்கள். அக்கா பட்டுச்சேலை கட்டியிருந்தார். அவசரத்தில் கொசுவம் கோணல். மாமா வெள்ளைச் சட்டையில் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அக்காவின் கையில் தட்டு. வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், குங்குமச் சிமிழ். நடுவில் மூலைகளில் மஞ்சள் தடவிய ஒரு பத்திரிகை, ஆவணியில் மிஞ்சியது.

"நாங்க புதுசா ஒரு ஊடு கட்டியிருக்கறமுங்க" என்றார் அக்கா. என்னை எந்நாளும் நீ, வா, போ என்கிறவர், அன்னியரிடம் பேசுகிற மாதிரி முறையாகப் பேசினார். முகம் சிவந்திருந்தது, கண்ணும்தான். "நீங்க குடும்பத்தோட வந்திருந்து சிறப்பிக்கோணுமுங்க."

"தேதி மட்டும் கொஞ்சம் தள்ளிப்போச்சு" என்றார் மாமா.

என் வீட்டுக்காரர் ஓடிப்போய்ப் பாயை விரித்தார். நான் முதலில் தண்ணீர் கொடுத்தேன், அது முறை. இரண்டு பேரும் ஒரு மடக்குக் குடித்தார்கள். அக்கா தட்டை நீட்டினார். நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, இரண்டு கையாலும் பத்திரிகையை எடுத்துக்கொண்டேன். அக்கா எனக்குக் குங்குமம் வைத்துவிட்டார்.

அக்காதான் பழைய குரலுக்கு முதலில் வந்தார். "பழம் தண்ணி விட்டுப்போச்சு பாரு. எந்திரி, தட்டை எடு. பிரிட்ஜைக் காலி பண்ணி வெச்சுட்டுத்தான் வந்திருக்கறேன்."

பின்பக்கச் சுவரில் ஒரு சின்ன வழி இருக்கிறது, அதில் போனால் பத்தடிதான். நான் மாட்டேன் என்றேன். புது வீட்டுக்குள் முதல் முதலாகப் போகிறவள் கொல்லைப்பக்கமாகவா போவது? தெரு வழியாகத்தான் போனேன். புது வீட்டுக்கு வெறுங்கையோடு போகக்கூடாது என்பார்கள். என் கையில் ஸ்ட்ராபெர்ரித் தட்டு இருந்தது. எதிர் வீட்டு அம்மா கேட்டுக்கு வெளியிலேயே நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டவர்தான், ஆனாலும், "எங்கீங்க கிளம்பிட்டீங்க?" என்றார்.

"புது ஊட்டுக்குங்க! பத்திரிக்கை வெச்சிருக்கறாங்க!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

அக்கா முன்னால் ஓடிக் கதவைத் திறந்து பிடித்தார். வலது காலை வைத்து உள்ளே போனேன். சமையலறை அகலமாக, வெளிச்சமாக இருந்தது. பிரிட்ஜைத் திறந்ததும் உள்ளே விளக்கு பளிச்சென்று எரிந்தது. அந்த விளக்கைப் பார்த்து நான் கும்பிடாத குறை. மாவுப் பாத்திரமெல்லாம் வெளியே இருந்தது, உள்ளே ஒரு அடுக்கு காலியாகக் காத்திருந்தது. வைத்துக் கதவைச் சாத்தினேன்.

அக்கா டீக்குப் பாலை அடுப்பில் வைத்தார். ஆண்கள் முன்னறையில் சோலாரைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினார்.

"பாலு காச்சின அன்னிக்கு, பொங்கறதுக்குள்ள நீ வந்துருவேன்னு வாசலையே பாத்துட்டு இருந்தேன். தீயைச் சிறுசு பண்ணிச் சிறுசு பண்ணி வெச்சேன். கடைசீல பொங்கவே இல்ல. அடிப்பிடிச்சுப்போச்சு. யாருகிட்டயும் சொல்லல, உங்க மாமாவுக்குக்கூடத் தெரியாது."

புது வீட்டில் பால் பொங்கவில்லை என்றால் எங்கள் பெண்கள் மனது என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். ஆறு மாதமாக அதைத் தனியாகச் சுமந்திருக்கிறார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் முறுக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

அக்கா திரும்பினார். "ஒண்ணே ஒண்ணு சொல்லு அம்மணி. மிளகா அரைச்சியா, இல்லியா?"

"வரிசையில நின்னனுங்கக்கா. கையில மிளகாயும் வெச்சிருந்தேன். எனக்கு முன்னால நின்ன பொம்பளை தன்ற கஷ்டத்தைச் சொல்லி அழுதுட்டு இருந்தா. நான் போயி அம்மன்கிட்ட என்ன சொல்றது, எனக்குப் பத்திரிக்கை வெக்கலீன்னா? வெக்கமாப் போச்சுங்க. வரிசையை விட்டு வந்துட்டேன்."

"அப்ப அரைக்கவே இல்லியா?"

"அரைச்சனுங்க. ஊட்டுக்கு வந்து. பூண்டுச் சட்னிக்கு."

அக்கா ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது. சிரிப்பும் அழுகையுமாக ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்தச் சட்னி காரமாக இருந்ததா என்று வேறு அக்கா கேட்டார், வயிறு மூன்று நாள் எரிந்தது என்றேன். பின்னால் புஸ்ஸென்று ஒரு சத்தம். திரும்பினால் பால் பொங்கி, பாத்திரத்தின் நாலாபக்கமும் வழிந்துகொண்டிருந்தது. அணைப்பதற்குக் கையை நீட்டிய அக்கா அப்படியே நிறுத்திக்கொண்டார். நானும் தொடவில்லை. வழிகிறவரை வழியட்டும் என்று இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அன்றைக்கு டீக்கு மிஞ்சிய பால் இரண்டு டம்ளருக்குத்தான் வந்தது. அதை ஆண்களுக்குக் கொடுத்துவிட்டோம்.

ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. ஒரு தறி, இரண்டு தறி என்று தொடங்கித் தெரு முழுக்கப் பழைய சத்தம் எழும்பியது. அந்த நேரத்துக்குத்தான் டாக்ஸியும் வந்தது, இரண்டு கேட்டுக்கும் சரியாக நடுவில். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தோம். பிள்ளை பையை இறக்கி வைத்துவிட்டு, இந்தக் கேட்டைப் பார்த்தாள், அந்தக் கேட்டைப் பார்த்தாள். போனை எடுத்துப் பார்க்கிற மாதிரி பாவனை செய்தாள்.

அக்காவும் நானும் ஒரே கேட்டைத் திறந்துகொண்டு வெளியே வந்தோம்.

அவள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பையைத் தெருவிலேயே விட்டுவிட்டு ஓடி வந்தாள். தறிச் சத்தத்தில் என்ன சொல்கிறாள் என்று கேட்கவில்லை. உதடு மட்டும் அம்மா என்றோ சின்னம்மா என்றோ அசைந்தது.

உள்ளே வந்து, முகம்கூடக் கழுவாமல் பிரிட்ஜைத் திறந்தாள். தட்டு நன்றாக இறுகியிருந்தது. சிவப்பு கொஞ்சம் பரவி, ஓரம் ஓரமாக ரோஸ் நிறம். எங்கள் எவர்சில்வர் தட்டை அவளுக்கு அடையாளம் தெரியும்.

"இது எப்பிடிங்மா இங்க வந்துச்சு?" என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

அக்காவும் அதற்கு மேலே கத்தினார்: "பத்திரிக்கை வெச்சுக் கூப்ட்டோம், வந்துச்சு!"